வலையைத் திட்டுவதற்கு முன் தண்ணீரைப் பாருங்கள்: ஸ்காட்லாந்து சால்மன் ஆறுகள் – அனுபவப் பகிர்வு (ஒவ்வொரு பகுதிக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

குளிர்நீர்

டே, ட்வீட், டீ, ஸ்பே என்று எந்த ஆற்றங்கரையில் நின்றாலும், இரண்டு வாரம் மீன் படவில்லை என்றால் பேச்சு வலையில் போய்த்தான் நிற்கும். வலையின் பாதிப்பு பொய் அல்ல. ஆனால் வலையால் குறைகிற பிடிக்கு ஒரு சாயல் உண்டு, தண்ணீரால் குறைகிற பிடிக்கு வேறு சாயல். முதலில் தண்ணீரின் பங்கைக் கழித்துவிட்டு, மிச்சம் இருந்தால் வலையைப் பேசலாம் என்பது என் கட்சி.

பார்க்க வேண்டியவை மட்டம், நிறம், வெப்பம்.

மட்டத்தில், அளவுகோல் எத்தனை அங்குலம் காட்டுகிறது என்று பார்த்துவிட்டு நிறுத்திவிடக் கூடாது. ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஏறத் தொடங்கும் முதல் அரை மணி நேரத்தில் மடுவில் பல வாரமாகக் கிடக்கும் மீன்கூடச் சில சமயம் கவ்வும். அதன் பிறகு சருகும் புல்லும் மண்ணும் வந்துவிடும். ஏறி முடிகிறவரை லைனைச் சுருட்டிவைத்துத் தேநீர் குடிப்பதே மேல். உச்சம் தொட்டு இறங்கி, முழங்கால் ஆழத்தில் நிற்கும்போது உங்கள் பூட்ஸ் நுனி மங்கலாகத் தெரியும் அளவுக்குத் தெளிந்தால் அதுதான் நேரம். சின்ன மலையாறுகளில் அந்த வாய்ப்பு அரை நாள்தான். டே மாதிரி ஆறுகளில் மேலே உள்ள ஏரிகள் வெள்ளத்தைத் தாங்கி மெதுவாக விடுவதால் சில நாள் நீடிக்கும்.

நிறத்தில் பலர் ஏமாறுகிறார்கள். கரிமண் மேட்டிலிருந்து வரும் தண்ணீர் கடுந்தேநீர் நிறத்தில் இருக்கும். அது கெடுதல் இல்லை, மீனின் பார்வை அதில் போகும். உழுத வயலிலிருந்து வரும் பால் கலந்த மாதிரியான கலங்கல்தான் வீண் நாள்.

வெப்பம்தான் மீன் எங்கே நிற்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. 5 டிகிரிக்குக் கீழே சால்மன் பெரிய தடைகளைத் தாண்டத் தயங்கும். டே ஆற்றில் கேம்ப்சி லின் என்ற பாறை இடுக்கு இதற்குப் பேர்போனது: குளிர் நீடித்தால் மார்ச்சில்கூட மீன் அதற்குக் கீழேயே நிற்கும், மேலே இருக்கும் பீட்டுகள் (தூண்டிலுக்கென்று ஆற்றைப் பிரித்த பகுதிகள்) வெறிச்சோடும். அதைப் பார்த்து "கடற்கரை வலை எல்லாவற்றையும் வழித்துவிட்டது" என்று எழுதுகிறவர்கள் உண்டு. கீழே போய்ப் பார்த்தால் மீன் இருக்கும்.

கோடையில் கதை தலைகீழ். மழை இல்லாமல் மட்டம் இறங்கி, வெப்பம் 18 டிகிரியைத் தாண்டினால், புதிதாக வரும் மீன் ஆற்றுக்குள் ஏறாமல் கழிமுகத்தில் ஓதத்தோடு மேலும் கீழுமாக ஆடிக்கொண்டிருக்கும். அங்கே வலை இருந்தால் ஒவ்வொரு ஓதத்துக்கும் அதே மீன் வலையைக் கடந்தாக வேண்டும். நல்ல தண்ணீரில் ஒரே தடவை கடந்து போய்விடும் மீன், வறட்சியில் பல தடவை கடக்கிறது. வலையின் நிஜமான சேதம் இங்கேதான். எல்லா ஆண்டும் ஒரே அளவு அல்ல. வறண்ட ஜூலையில் மிக அதிகம், ஈரமான ஜூலையில் மிகக் குறைவு.

இதிலிருந்தே ஒரு கண்ணிவெடியும் பிறக்கிறது. வெள்ளத்தில் மரமும் குப்பையும் வருவதால் ஆற்று வலையை இழுக்க முடியாது, வலைப்பிடி குறையும். அதே வெள்ளத்தில் மீன் ஏறுவதால் தூண்டில்பிடி கூடும். இரண்டு வரைபடங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர் "வலை குறைந்தது, தூண்டில் கூடியது, நிரூபணமாகிவிட்டது" என்பார். உண்மையில் இரண்டையும் ஆட்டியது ஒரே மழை.

---

ஈத்தூண்டில்

ஒன்று சேர்க்கிறேன். ஆற்றில் மீன் இருந்தும் எடுக்காமல் இருப்பதைத்தான் பாதிப் பேர் "மீனே இல்லை" என்கிறார்கள். ஆற்றுக்குள் வந்த சால்மன் இரை தின்பதில்லை என்பதை மறந்துவிடக் கூடாது. எரிச்சலிலோ பழக்கத்திலோதான் கவ்வுகிறது. ஆகவே ஃப்ளையின் (கொக்கியில் கட்டிய போலி ஈ) அளவும் வேகமும் தண்ணீருக்குப் பொருந்தாவிட்டால் கண்முன்னே மீன் துள்ளினாலும் கைக்கு வராது.

பிப்ரவரி, மார்ச்சில் தண்ணீர் 4, 5 டிகிரி என்றால் ஒன்றரை முதல் இரண்டரை அங்குலப் பித்தளைக் குழாய் ஃப்ளை, வில்லி கன் மாதிரிக் கறுப்பும் மஞ்சளும் ஆரஞ்சும் கலந்தது. மூழ்கும் நுனி லைன். ஆழத்தில், மெதுவாக. லீடர் (லைன் நுனியில் ஃப்ளையைக் கட்டும் மெல்லிய நூல்) 20 பவுண்டு வரை போகலாம், அந்தத் தண்ணீரில் மீன் நூலைப் பார்த்து மிரளாது. 8 முதல் 12 டிகிரிக்குள் வந்துவிட்டால் ஓர் அங்குலக் குழாய், அல்லது 6, 8 எண் (எண் கூடக் கூடக் கொக்கி சிறிது) இரட்டைக் கொக்கியில் கேஸ்கேட் ஃப்ளை, மிதக்கும் லைனோடு மெதுவாக மூழ்கும் நுனி போதும். அதற்கு மேல் சூடானால் 10, 12, தண்ணீர் எலும்பு தெரிய வற்றினால் 14 எண் வரை இறங்குங்கள், லீடரையும் 10 பவுண்டுக்கு இறக்குங்கள். கோடையில் எல்லாம் தோற்றால் சன்ரே ஷேடோ என்ற ஃப்ளையை, மடுவுக்குள் தண்ணீர் நுழையும் கழுத்தில் குறுக்காக எறிந்து வேகமாக இழுப்பது கடைசி ஆயுதம். ஒரு மடுவில் ஒரு தடவை மட்டும். திரும்பத் திரும்ப இழுத்தால் மீன் மிரண்டு அந்த மடுவே கெட்டுப்போகும்.

எறிவது ஆற்றின் கீழ்ப்பக்கமாக 45 டிகிரி சாய்வில். லைன் வளைந்து ஃப்ளை பறந்தால் லைனை ஆற்றின் மேல்பக்கமாகத் தூக்கிப் போட்டுத் திருத்துங்கள். ஒவ்வோர் எறிக்கும் ஒரு கெஜம் நகருங்கள். ஒரே கல்லில் நின்று அரை நாள் எறிபவருக்கு ஒரே மீன்தான் ஃப்ளையைப் பார்க்கும், அதுவும் நூறு தடவை.

காற்றுக்கு ஏற்ற எறி முக்கியம். காற்று ஆற்றின் மேல்பக்கம் நோக்கி அடித்தால் சிங்கிள் ஸ்பே அல்லது ஸ்னாப் டி. கீழ்ப்பக்கம் நோக்கி அடித்தால் டபுள் ஸ்பே அல்லது ஸ்னேக் ரோல். மாற்றிச் செய்தால் கொக்கி உங்கள் காதில். கண்ணாடி போடாமல் இறங்கவே வேண்டாம்.

மீன் இழுக்கும்போது தடியைத் தூக்கி வெட்டாதீர்கள். அது கவ்வித் திரும்பும்வரை ரீலிலிருந்து லைன் போகட்டும், பாரம் தெரிந்த பிறகு மெல்ல உயர்த்தினால் கொக்கி வாயோரத்தில் பதியும். முன்கூட்டி வெட்டினால் வாயிலிருந்து உருவி வந்துவிடும், "தொட்டுவிட்டுப் போனது" என்ற புலம்பல் மிச்சம்.

---

சிறகுவலை

குளிர்நீர் அண்ணை சொல்றது சரி. ஆனால் வலை, வலை என்று கதைக்கிற கனபேருக்கு எந்த வலை என்று தெரியாது. ஒவ்வொன்றும் ஆற்றுக்குச் செய்யிற வேலை வேறை. அதை விளங்கப்படுத்தாமல் இந்தக் கதை முன்னுக்குப் போகாது.

முதலாவது, கோபிள் என்ற தட்டையான வள்ளத்தில் வைத்து விடுகிற இழுவை வலை. எங்கட கரைவலையைப் பார்த்த ஆக்களுக்கு இது உடனை விளங்கும். ஒரு தலைப்புக் கயிறு கரையில் நிக்கிறவரின் கையில். வள்ளம் அரைவட்டமாய் வலையை விட்டுக்கொண்டு போய்த் திரும்பக் கரைக்கு வரும். பிறகு இரண்டு தலைப்பையும் சேர்த்து இழுக்கிறது. சட்டப்படி வலை அசைந்துகொண்டே இருக்க வேணும். ஆற்றுக்குக் குறுக்கே கட்டிவிட்டு நிற்க ஏலாது. இது கழிமுகத்திலும் ஆற்றின் கீழ்ப்பகுதியிலும் நடக்கிறபடியால் பிடிபடுகிற மீன் பெரும்பாலும் அந்த ஆற்று மீன்தான். ஆறு நல்ல நிலையில் இருந்தால் எத்தனை மீன் எடுக்கலாம் என்று கணக்குப் போட வழி இருக்கு.

இரண்டாவது, 2016இல் தடை வரும்வரை கரையோரத்தில் நிலையாய்க் கட்டின வலைகள். பாறைக் கரைக்கு நங்கூரம் போட்டு மிதக்கவிடுகிறது பை வலை. மணல் கரைக்குக் கம்பு நட்டுக் கட்டுகிறது கம்பு வலை. யாழ்ப்பாணக் கடலேரியில் சிறகு வலை பார்த்தவர்களுக்கு அமைப்பு புதிதாய் இராது. கரையிலிருந்து கடலுக்குள் நீட்டின நீளமான சிறகு, அதன் முடிவில் உள்ளுக்குள் உள்ளாய்க் குறுகுகிற அறைகள். சால்மன் கரையை ஒட்டி, மேல்மட்டத் தண்ணீரில்தான் வரும். சிறகைக் கண்டதும் ஆழப்பக்கம் திரும்பி அதை ஒட்டியே நீந்திப் போய் அறைக்குள் விழும். கண்ணியில் சிக்கிறது இல்லை, கடைசி அறையில் உயிரோடு சுற்றிக்கொண்டு நிக்கும்.

இதின்ரை சிக்கல் எங்கை என்றால், அந்த மீன் எந்த ஆற்று மீன் என்று வலைக்குத் தெரியாது. கிழக்குக் கரையில் ஒரே வலையில் விழுந்த மீனுக்கு அடையாளச் சீட்டுக் குத்தி விட்டுப் பார்த்தபோது பல ஆறுகளுக்குப் பிரிந்து போயிருக்கு. நல்ல ஆற்று மீனும், நூறு மீன்கூட மிஞ்சாத சின்ன ஆற்று மீனும் ஒரே அறைக்குள்ளை. கலப்புக் கூட்ட மீன்பிடி என்று இதைத்தான் சொல்றது. மீன் எண்ணிக்கை கூடவோ குறையவோ, பலவீனமான ஆற்றுக்குத்தான் முதல் அடி.

மூன்றாவது, வழிவலை. கடலில் மிதக்கவிட்டுச் செவுளில் சிக்கவைக்கிறது. நைலோன் தங்கூசி (ஒற்றை இழை நூல்) வந்த பிறகு தண்ணீரில் கண்ணுக்கே தெரியாது. கலப்பும் கூட, தப்பிப் போற மீனுக்குக் காயமும் கூட. அதனால்தான் ஸ்காட்லாந்து 1962இலேயே சால்மன் வழிவலையைத் தடை செய்தது. நோர்வே 1989இல், அயர்லாந்து 2007இல். இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் 2003இல் பெரும்பாலான உரிமங்களைப் பணம் கொடுத்து வாங்கிவிட்டினம்; 2019 தொடங்க அதுவும் முடிஞ்சுது.

சோல்வே கழிமுகத்தில் ஹாஃப் வலை என்று ஒன்று இருக்கு. நீளமான மரச்சட்டத்தில் வலையைக் கட்டி, நெஞ்சளவு தண்ணீரில் ஆளே கம்பமாய் நிக்கிறது. பழைய நோர்ஸ் ஆக்கள் கொண்டுவந்த முறை. அதால் ஆறு அழியும் என்று சொல்கிறவரை நான் பெரிதாய் எடுப்பதில்லை.

---

புதுத்தடி

வாராந்திர ஓய்வு நேரம் என்று ஒன்று உண்டே, அதில் நிலை வலைகளை முழுசாகக் கழற்றிவிடுவார்களா? அதன் விளைவு ஆற்றில் தெரியுமா?

---

சிறகுவலை

தம்பி, ஸ்காட்லாந்தில் வலைக்கு வெள்ளி மாலை 6 மணி முதல் திங்கள் காலை 6 மணி வரை ஓய்வு. 60 மணித்தியாலம். 1988க்கு முந்தி இது 42 மணித்தியாலமாய் இருந்தது. முழு வலையையும் கழற்றத் தேவையில்லை. சிறகை எடுத்துவிட வேணும் அல்லது மீன் பிடிக்காத மாதிரிச் செய்ய வேணும். கடல் கொந்தளிச்சால் வள்ளம் போக ஏலாது, சிறகு அப்படியே நிக்கும். தூண்டில்காரருக்கும் வலைக்காரருக்கும் நடந்த பெரிய சண்டைகளில் ஒன்று இதுதான். வேணுமென்று விட்டதா, காற்றால் விட்டதா என்பதைக் கரையில் நிக்கிறவர் தீர்மானிக்க ஏலாது. காற்றின் வேகத்தையும் அலையின் உயரத்தையும் நேரத்தோடு எழுதிவைச்சால்தான் பேச்சுக்கு நிக்கும்.

ஆற்றில் தெரியும், ஆனால் கீழ்ப் பீட்டுகளில் மட்டும். ஸ்காட்லாந்தில் ஞாயிறு தூண்டிலுக்கும் தடை. ஆகவே சனி, ஞாயிறு வந்த மீன் திங்கள் காலையில் தொடப்படாமல் கிடக்கும். முட்டைச் சரம் தொங்குகிற கடல் பேன் ஒட்டின மீன், அதாவது கடலிலிருந்து புதுசாய் வந்த மீன், திங்கள், செவ்வாயில் கூடி, வெள்ளியில் குறைஞ்சு, இப்படி வாரம் வாரமாய் வந்தால் அது வலையின்ரை அடையாளம். மழையால் வருகிற ஏற்ற இறக்கம் கிழமை பார்க்காது.

---

குளிர்நீர்

அந்தக் கடைசி வரியைத் தடித்த எழுத்தில் போட வேண்டும். ஒரு திருத்தம் மட்டும்: திங்களில் கூடுவதற்கு ஞாயிறு முழுக்க யாரும் தண்ணீரைக் கலக்காததும் காரணம். அதைப் பிரிக்க ஒரே வழி, பழைய மீனை விட்டுவிட்டுப் பேன் ஒட்டிய மீனை மட்டும் எண்ணுவது. முட்டைச் சரம் நன்னீரில் ஓரிரு நாளில் உதிர்ந்துவிடும். சரம் இருந்தால் கடலை விட்டு வந்து இரண்டு நாளுக்கு மேல் ஆகவில்லை என்று கொள்ளலாம்.

---

கணக்குப்பிள்ளை

எல்லோரும் கேட்கும் கேள்வி: ஸ்காட்லாந்தில் 2016 முதல் கரையோரக் கடலில் சால்மனைப் பிடித்து வைத்துக்கொள்வதே தடை. பிறகு ஏன் ஆற்றில் மீன் பெருகவில்லை?

2010இல் ஸ்காட்லாந்தின் தூண்டில்பிடி ஒரு லட்சத்தைத் தாண்டியது. அப்போது கரையோர வலை இருந்தது. வலை நின்ற பிறகு 2018இல் அது 37,000 அளவுக்கு விழுந்தது. 1952இல் தொடங்கிய பதிவில் அதுவரை அவ்வளவு குறைந்த ஆண்டு கிடையாது. 2023இல் இன்னும் கீழே, 32,000 சொச்சம். இதை மட்டும் வைத்து "வலையால் எந்தப் பாதிப்பும் இருந்ததில்லை" என்று வலைக்காரர் தரப்பு சொல்லும். அதுவும் தப்புக் கணக்கு.

முதலில் 2018. அந்தக் கோடை கடும் வறட்சி. மேலே குளிர்நீர் சொன்னதெல்லாம் அந்த ஆண்டில் நடந்தது: ஆறு வற்றியது, மீன் ஏறவில்லை, ஏறியதும் எடுக்கவில்லை, பலர் தடியையே எடுக்கவில்லை. தூண்டில்பிடி என்பது மீனின் எண்ணிக்கை அல்ல. மீன், தண்ணீர், தூண்டில்காரரின் முயற்சி மூன்றும் பெருக்கி வருகிற எண் அது. முயற்சியைப் பதியாத பீட்டின் கணக்கை வைத்து வலையைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. ஒரு நாளில் எத்தனை தடி, எத்தனை மணி நேரம் என்று எழுதாத பிடிப்புத்தகம் பாதிப் புத்தகம்.

இரண்டாவது, பெருக்கல். ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். வலை விட்டுவைத்ததால் ஓர் ஆற்றுக்கு 1,000 மீன் கூடுதலாக வருகிறது. தூண்டிலில் பத்தில் ஒன்று படும் என்று வைத்தால் 100 மீன். ஆற்றில் 30 பீட்டு இருந்தால் ஒரு பீட்டுக்கு ஒரு பருவத்தில் மூன்று மீன். மழைப் பொழுது ஒரு வாரம் தள்ளிப்போனாலே இதைவிடப் பெரிய வித்தியாசம் வரும். தனி ஆள் கரையில் நின்று இந்த மூன்று மீனை "உணர" முடியாது. ஆனால் முட்டையிடும் சரளைக்கல் படுகைக்கு 900 மீன் கூடுதலாகப் போகிறது. வலையை நிறுத்தியதன் பலன் முதலில் முட்டைக் கணக்கில் தெரியும், பிடிப்புத்தகத்தில் கடைசியாகத் தெரியும். அதனால்தான் எண்ணும் கருவி உள்ள ஆறுகளை நம்ப வேண்டும். வடக்கு எஸ்க் ஆற்றின் லோகி, டே அமைப்பில் பிட்லாக்ரி அணையின் மீன் ஏணி போன்றவை அப்படிப்பட்ட இடங்கள். கருவிக்குக் கலங்கல் தண்ணீரில் தூண்டில் ஓடுமா ஓடாதா என்ற கவலை இல்லை.

மூன்றாவதுதான் பெரிய அடி: கடல். ஆற்றை விட்டு இறங்கும் குஞ்சுகளில் திரும்பி வருவது இன்று பல ஆறுகளில் நூற்றுக்குச் சில மட்டும். முன்பு அதைப்போலப் பல மடங்கு. வலை எடுத்துக்கொண்டிருந்த பங்கைக் கடல் எடுத்துக்கொண்டது என்று சுருக்கிச் சொல்லலாம். அயர்லாந்தில் வழிவலை நின்றபோதும் இதே கதை: முதல் சில ஆண்டுகளில் ஆற்றுக்கு வந்த மீன் கூடியது, எதிர்பார்த்த அளவுக்குக் கூடவில்லை. 2023 டிசம்பரில் ஐயுசிஎன் என்ற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு பிரித்தானியச் சால்மனை அழியும் ஆபத்திலுள்ள பட்டியலில் சேர்த்தது. அப்போது ஸ்காட்லாந்துக் கரையில் வலை நின்று ஏழு பருவம் தாண்டிவிட்டது.

இன்னொரு சோதனை இருக்கிறது, ஏனோ யாரும் செய்வதில்லை. மாதவாரியாகப் பிரியுங்கள். பெரும்பாலான மாவட்டங்களில் வலைப் பருவம் ஆகஸ்ட் கடைசியோடு முடிந்துவிடும். அக்டோபர், நவம்பரில் ஏறும் மீனை உள்ளூர் வலை தொட்டதே இல்லை. ட்வீட் ஆற்றின் இலையுதிர் கால ஓட்டம் 2014 வாக்கில் சரிந்தது. அந்தச் சரிவுக்கு உள்ளூர் வலையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. மாறாக, பிப்ரவரி முதல் மே வரை வரும் பெரிய வசந்த மீன் விஷயத்தில் வலை குற்றமற்றது என்று சொல்ல மாட்டேன். எண்ணிக்கை குறைவு, மேல் ஓடைகளுக்குப் போகிற தனித்தனிக் குடும்பங்கள், பருவத்தின் தொடக்கத்திலேயே வலைக்கு முன்னால் வருகிறவை. அங்கே ஒவ்வொரு மீனும் கணக்கு. மார்ச் 31 வரை ஸ்காட்லாந்தில் பிடித்த சால்மனை விட்டே ஆக வேண்டும் என்ற விதி தூண்டிலுக்கும் வந்தது இதனால்தான்.

---

வடமுனை

நோர்வேயிலிருந்து எழுதுகிறேன். தெனோ என்றும் தானா என்றும் சொல்லும் எல்லை ஆற்றில் நோர்வேயும் பின்லாந்தும் 2021 முதல் சால்மன் பிடிப்பையே மூடிவிட்டன, வலை, தூண்டில் இரண்டையும். 2024 ஜூன் 23 அன்று தெற்கிலும் நடுவிலும் 33 ஆறுகள் பருவத்தின் நடுவே மூடப்பட்டன. கடலிலிருந்தே மீன் வரவில்லை என்பதுதான் காரணம்.

இங்குள்ள சாமி மக்களுக்கு ஆற்று வலை பொழுதுபோக்கு அல்ல, தலைமுறையாக வரும் வாழ்முறை. தூண்டில் சங்கத்துக்காரர் "வலையை மட்டும் நிறுத்து" என்று பேசும்போது இதை நினைவில் வைப்பது நல்லது. மூடுவதானால் இருவருக்கும் மூட வேண்டும் என்பதை இங்கே செய்து காட்டியிருக்கிறார்கள். யாருக்கும் அதில் மகிழ்ச்சி இல்லை என்பது வேறு.

---

புதுத்தடி

பிடித்த மீனின் உடம்பில் கீறல் இருந்தால் வலைதான் என்று கில்லிகள் (ஆற்றங்கரை வழிகாட்டிகள்) சட்டென்று சொல்லிவிடுகிறார்கள். எப்படிப் பிரிப்பது?

---

குளிர்நீர்

கில்லி சொல்வது பெரும்பாலும் சரியாக இருக்கும், ஆனால் நீர்நாயும் சீலும் (கடல்நாய்) செய்ததை வலை மேல் போடுவது நடக்கிறது.

வலைத் தழும்பு உடம்பைச் சுற்றி வரும். முதுகுத் துடுப்புக்குச் சற்று முன்னால், உடம்பு அகலமான இடத்தில், இரு பக்கமும் ஒரே உயரத்தில் செதில் போன கோடு. அல்லது தலைக்குப் பின்னால் செவுள் மூடியின் ஓரத்தில் நூல் வெட்டு. முதுகுத் துடுப்பின் முன்விளிம்பு கிழிந்திருக்கும். கிட்டப் பார்த்தால் சில மீனில் கண்ணி வடிவம் சாய்சதுரமாகத் தெரியும். தங்கூசியாக இருந்தால் வெட்டு மெல்லியதாக, ஆழமாக இருக்கும். பழைய மாதிரித் தடித்த நூல் செதிலை அகலமாக உரிக்கும். நிலை வலையின் அறையில் நின்று தப்பிய மீனில் கோடு இருக்காது, மூக்கு நுனியும் துடுப்பு ஓரமும் தேய்ந்திருக்கும். ஆனால் அணையிலும் பாறையிலும் முட்டிய மீனுக்கும் மூக்கு தேயும் என்பதால் அதை மட்டும் வைத்துச் சொல்லாதீர்கள்.

சீலின் நகம் இணைகோடுகளாக, வால் பக்கம் சாய்ந்து, பெரும்பாலும் ஒரு பக்கம் ஆழமாக இருக்கும். பல் பட்டிருந்தால் அரைவட்டம். வட்டமான புண் என்றால் லாம்ப்ரே என்ற உறிஞ்சு மீன். நீர்நாய் தொண்டையையும் வயிற்றையும் தேடும்.

வலையில் உரசிய மீனுக்குச் செதிலோடு கடல் பேனும் போய்விடும். ஆகவே தழும்புள்ள மீனில் பேன் இல்லை என்றால் "பழைய மீன்" என்று முடிவு கட்டாதீர்கள். பக்கங்கள் வெள்ளியாக, துடுப்பு கண்ணாடி மாதிரி இருந்தால் அது புதிது.

செதில் போன இடத்தில் சில நாளில் வெள்ளைப் பஞ்சு மாதிரிப் பூஞ்சை படரும். ஏப்ரல், மே மாதங்களில் ஆற்றோரம் மெதுவாக மிதக்கும் பூஞ்சை மீன் எல்லாம் வலையால் வந்ததல்ல. முட்டையிட்டு ஓய்ந்த கெல்ட்டுகளும் அப்படித்தான் தெரியும். வயிறு ஒட்டி, தலை பெரிதாக, ஆசனவாய் தளர்ந்து இருந்தால் கெல்ட்.

---

சிறகுவலை

சட்டவிரோத வலை பற்றியும் ஒரு வார்த்தை. உரிமம் உள்ள வலை குறைஞ்ச பிறகு இப்ப ஆற்றுக்குள்ளை பார்க்கிற வெட்டுக் காயத்தில் இதுக்கும் பங்கு இருக்கு. தண்ணீர் வற்றி மீன் ஒரே மடுவில் அடைஞ்சு கிடக்கேக்கைதான் இரவில் தங்கூசி வலை வரும். காலையில் பார்த்தால் விளங்கும்: மடுவின் இரு கரையிலும் ஒரே நேருக்கு மிதிபட்ட புல், வேரிலோ கல்லிலோ கயிறு இறுகின புதுத் தடம், உதிர்ந்த செதில், நேற்றுத் துள்ளின மடுவில் இன்றைக்கு அசைவே இல்லை.

வலை கிடந்தால் கையாலை இழுக்காதேங்கோ. சாட்சியும் போகும், போட்டவர் கிட்ட நிண்டால் ஆபத்தும் வரும். நேரம், இடக்குறி, கரை எது, தக்கைக் கயிற்றின் நிறம், வாகன எண் இவ்வளவையும் குறிச்சு, தூர நின்று படம் எடுத்து, ஆற்று மீன்பிடி வாரியத்தின் காவலருக்கோ போலீசுக்கோ உடனை சொல்லுங்கோ. மறுநாள் சொன்னால் வலை இராது.

---

ஈத்தூண்டில்

தழும்பு மீன் கையில் வந்தால் என்ன செய்வது என்று சொல்லிவிடுகிறேன். செதில் போன மீனுக்கு உப்புச் சமநிலை ஏற்கெனவே ஆட்டம் கண்டிருக்கும். நல்ல மீன் தாங்குவதை அது தாங்காது.

தடியை மென்மையாக வைத்து நீண்ட நேரம் விளையாடாதீர்கள். பக்கவாட்டில் அழுத்தி, தலையைத் திருப்பி, சீக்கிரம் முடியுங்கள். முடிச்சில்லாத ரப்பர் கண்ணி கைவலை மட்டும். வலைக்குள்ளேயே, தண்ணீருக்குள்ளேயே கொக்கியைக் கழற்றுங்கள். முள் நசுக்கிய கொக்கி என்றால் ஒரு திருகல் போதும். கை நனைந்திருக்க வேண்டும். வாலைப் பிடித்துத் தூக்கவே கூடாது. செவுளில் விரல் படக் கூடாது. கரைக் கல்லில் கிடத்திப் படம் எடுப்பவரைக் கண்டால் கைவலையைப் பிடுங்கிக்கொள்ளுங்கள். படம் வேண்டுமானால் தலை தண்ணீரில், முதுகு மட்டும் வெளியே.

பிறகு மூக்கு நீரோட்டத்தை எதிர்நோக்கி இருக்கும்படி, மெதுவாக ஓடும் தண்ணீரில் வயிற்றைத் தாங்கிப் பிடியுங்கள். வேகமான நீரோட்டம் அதை இன்னும் களைப்பாக்கும். நின்ற தண்ணீரில் ஆக்சிஜன் போதாது. முன்னும் பின்னும் ஆட்டாதீர்கள், செவுளுக்குப் பின்புறமாகத் தண்ணீர் போவது கெடுதல். வால் உங்கள் கையை உதறும்வரை காத்திருங்கள். ஐந்து நிமிடம் ஆனாலும் பரவாயில்லை. தண்ணீர் 18 டிகிரி என்றால் காலையில் மட்டும் பிடியுங்கள், ஆறு அப்போதுதான் மிகக் குளிர்ந்திருக்கும். 20 என்றால் தடியை வண்டியிலேயே வைத்துவிடுங்கள்.

பதிவும் சேர்த்துச் செய்யுங்கள்: தேதி, மடுவின் பெயர், நீர்மட்டம், வெப்பம், மீனின் நீளம், பேன் உண்டா, தழும்பு எந்தப் பக்கம், சுற்றி வருகிறதா இணைகோடா, எத்தனை மணி நேரம் எத்தனை தடி. எடையை ஊகிக்க வேண்டாம். நீளத்தைத் தடியில் ஒட்டிய நாடாவால் தண்ணீரிலேயே அளக்கலாம். மீன் படாத நாளையும் எழுதுங்கள். கணக்குப்பிள்ளை கேட்கிற முயற்சிக் கணக்கு அதில்தான் இருக்கிறது.

---

கணக்குப்பிள்ளை

பூச்சிய நாளை எழுதுவோர் ஆற்றுக்கு ஒருவர் கிடைத்தாலே போதும். எழுதும்போது கழிமுகத்தில் ஓதம் எப்போது ஏறியது என்பதையும் ஒரு பத்தியில் போட்டுவிடுங்கள், பேன் மீன் வந்த நேரத்தோடு பின்னால் ஒப்பிட உதவும்.